தீப்பெட்டிக்குள் ஒரு பொருளாதாரப் பாடம்

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்)



பேடண்ட், கார்ப்பரேட், வரி... இந்த மூன்று சொற்களையும் கேட்டாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். "அதெல்லாம் பெரிய இடத்து விவகாரம்ப்பா, நமக்கு எதுக்கு?" என்று பேப்பரைப் புரட்டிவிடுவோம். ஆனால் ஆலங்குளம், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பிறந்தவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது. ஏனென்றால் இந்த மூன்றும் சேர்ந்து நடத்திய நாடகம், நம் வீட்டு அடுப்படியில் கிடக்கும் தீப்பெட்டியில்தான் நடந்தது. நம்மில் எத்தனையோ பேருடைய காலேஜ் பீஸ் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் வந்த காசு. அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போம், வாருங்கள்.

1. பேடண்ட் என்னும் பூட்டு

பேடண்ட் என்றால் என்ன? புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதை எப்படிச் செய்வது என்று உலகத்துக்கு ஒளிக்காமல் எழுதிக் கொடுக்கிறார். பதிலுக்கு அரசாங்கம், குறிப்பிட்ட காலத்துக்கு (நம் நாட்டில் இப்போது 20 ஆண்டு) வேறு யாரும் அவர் அனுமதியில்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று உரிமை தருகிறது. காலம் முடிந்ததும் அது ஊர்ச் சொத்து. நியாயமான ஒப்பந்தம்தான். பூட்டு தப்பில்லை. அதை எந்தக் கதவில் மாட்டுகிறார்கள் என்பதில்தான் விஷயம்.

19-ஆம் நூற்றாண்டில் தீக்குச்சி மருந்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். எங்கே உரசினாலும் பற்றும். ஆனால் அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பே அழுகியது. 1898-ல் இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இதற்கு மாற்றாக, அந்த நோயைத் தராத பாஸ்பரஸ் செஸ்குவி சல்பைடு கலவைக்குப் பேடண்ட் வாங்கினார்கள். அமெரிக்காவில் அந்த உரிமை டயமண்ட் மேட்ச் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. அது அங்கே தீப்பெட்டித் தொழிலில் முதல் இடத்தில் இருந்த கம்பெனி.

இப்போது சிக்கலைப் பாருங்கள். வெள்ளைப் பாஸ்பரஸைத் தடை செய்தால் மற்ற கம்பெனிகள் டயமண்டிடம் கையேந்த வேண்டும். தடை செய்யாவிட்டால் தொழிலாளி சாக வேண்டும். பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்தது. அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட்டே கேட்டுக்கொண்டார். 1911 ஜனவரியில் டயமண்ட் கம்பெனி தன் பேடண்டைப் பொதுவுக்கு விட்டுக் கொடுத்தது. 1912-ல் அமெரிக்க நாடாளுமன்றம் என்ன செய்தது தெரியுமா? வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிமீது, விற்கவே கட்டுப்படியாகாத அளவுக்கு வரி போட்டது. வரி என்பது கஜானாவை நிரப்ப மட்டுமல்ல, கெட்டதைக் கொல்லும் ஆயுதமும்கூட! இந்தியாவில் 1913-ல் சட்டம் போட்டு வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி தடை செய்யப்பட்டது.

ஆக, ஒரு பூட்டு திறந்ததால் ஒரு நோயே ஒழிந்தது.

2. தீப்பெட்டி ராஜா

அடுத்த கதாபாத்திரம் சுவீடனைச் சேர்ந்த இவர் குரூகர். தொழிலால் சிவில் என்ஜினியர். முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய அரசாங்கங்கள் எல்லாம் கடனில் தத்தளித்தன. குரூகர் போய், "நான் கடன் தருகிறேன், உங்கள் நாட்டில் தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையை எனக்குத் தாருங்கள்" என்றார். 1925-ல் போலந்து, 1927-ல் பிரான்ஸ், 1929-ல் ஜெர்மனி என்று வரிசையாகச் சுவீடிஷ் மேட்ச் சாம்ராஜ்யம் விரிந்தது. ஜெர்மனிக்குக் கொடுத்த கடன் மட்டும் 12.5 கோடி டாலர்.

இந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வந்தது? பங்கு வாங்கிய பொதுமக்களிடமிருந்து. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! 1932 மார்ச்சில் பாரீஸில் குரூகர் துப்பாக்கியால் சுட்டு இறந்து கிடந்தார். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் பொய்க் கணக்கும், போலி இத்தாலிய அரசுக் கடன் பத்திரங்களும். ராஜா போனார், ஆனால் அவர் போட்ட பூட்டு போகவில்லை. ஜெர்மனியின் தீப்பெட்டி ஏகபோகம் முடிவுக்கு வந்தது 1983-ல்தான்! கம்பெனி அதிகாரம் என்பது ஒரு மனிதரின் ஆயுளோடு முடிகிற சமாச்சாரம் அல்ல.

இந்தச் சாம்ராஜ்யம் நம் நாட்டுக்கும் வந்தது. 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி குரோஸுக்கு ஒன்றரை ரூபாயாக ஏறியது. வெளியிலிருந்து கொண்டுவந்தால்தானே வரி? உள்ளேயே ஆலை கட்டிவிட்டால்? 1923-ல் சுவீடிஷ் மேட்ச் 'விம்கோ'வைத் தொடங்கியது. சென்னைத் திருவொற்றியூர்ப் பக்கம் மெட்ரோ ரயிலில் போகிறவர்கள் 'விம்கோ நகர்' என்று அறிவிப்பு கேட்டிருப்பீர்கள். அது இந்த விம்கோதான்.

அதே 1923-ல் இன்னொரு சம்பவம். முந்தைய ஆண்டு கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டி தயாரிக்கத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் உலக சாம்ராஜ்யம், இன்னொரு பக்கம் வானம் பார்த்த கரிசல் பூமி. யார் ஜெயிக்க வேண்டும்? கணக்குப்படி விம்கோ. ஆனால் சிவகாசி சாகவில்லை. ஏன்? நம் ஜனங்களின் உழைப்பு என்று சொல்வோம். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி, வரி அட்டவணையில் இருக்கிறது.

3. எல்லாருக்கும் ஒரே வரி நியாயமா?

"எல்லாருக்கும் ஒரே வரி, அதுதானே சமத்துவம்?" என்று கேட்கத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையால் செய்கிற சிறு ஆலைக்கு ஒரு பண்டல் அடக்கம் 100 ரூபாய், பெரிய இயந்திர ஆலைக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 12 சதவீதம் வரி என்றால் விலை 112-ம், 95 ரூபாய் 20 காசும். வித்தியாசம் கிட்டத்தட்ட 17 ரூபாய். கடைக்காரர் யாருடைய பண்டலை எடுப்பார்? சிறியவருக்கு 5, பெரியவருக்கு 18 சதவீதம் என்றால் 105-ம், 100 ரூபாய் 30 காசும். வித்தியாசம் 5 ரூபாய்க்குள். சிறியவர் மூச்சு விடலாம்.

தீப்பெட்டிமீது இந்திய அரசு 1934-ல் கலால் வரி (எக்சைஸ்) போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு ஆலைகளை ஆண்டு உற்பத்தி அளவை வைத்து வகைப்படுத்தி, பெரியவருக்குக் கூடுதல், சிறியவருக்குக் குறைவு என்று வாங்கினார்கள். நம் வட்டாரம் எழுந்து நின்றதில் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் சலுகை என்று வந்தால் குறுக்கு வழியும் கூடவே வரும் அல்லவா? 1967-ல், ஆண்டுக்கு 7.5 கோடி தீக்குச்சிக்கு மேல் வெளியே அனுப்பமாட்டோம் என்று எழுதிக் கொடுக்கும் ஆலைகளுக்குக் குறைந்த வரி என்று அரசு அறிவித்தது. உடனே பெரிய ஆலைகள் தங்களைத் துண்டு துண்டாக்கிச் சின்ன ஆலை வேஷம் போடலாம் என்ற நிலை. அதைத் தடுக்க, 1967 செப்டம்பர் 4-க்கு முன் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் என்று தேதி போட்டார்கள். பரமேஸ்வரன் மேட்ச் ஒர்க்ஸ் என்ற ஆலை லைசென்சுக்கு விண்ணப்பித்தது செப்டம்பர் 5-ம் தேதி! ஒரே நாள் வித்தியாசம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெரிய ஆலை உடைந்து சலுகையை விழுங்காமல் இருக்க எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்று 1974-ல் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

சின்ன ஆலைகள் எல்லாம் உத்தமர்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் வேலை பார்த்த குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா போட்ட வழக்கில், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வரிச் சலுகை வாங்கியவருக்குக் கூலியிலும் பாதுகாப்பிலும் பொறுப்பு உண்டு. சிறியவர் என்பது மன்னிப்புச் சீட்டு அல்ல.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கைத்தயாரிப்புக்கு 5, மற்றதற்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். நல்லதுதானே என்கிறீர்களா? இங்கேதான் நாம், டிப்ளமோ படிக்கிறவர்கள், கூர்ந்து பார்க்க வேண்டும். பழைய கோடு 'எவ்வளவு பெரியவர்' என்பதில் இருந்தது. புதிய கோடு 'மெஷின் வைத்திருக்கிறாயா' என்பதில் போய் விழுந்தது. கடன் வாங்கி ஒரு மெஷின் போட்ட சாத்தூர் சிறு முதலாளியும், நாடு முழுவதும் விற்கிற கம்பெனியும் ஒரே 18-ல். வேலையாளின் கையைக் காப்பாற்ற மெஷின் போட்டவருக்கே தண்டனை! எதிர்ப்பு எழுந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லாவற்றுக்கும் ஒரே 12 சதவீதம் என்று ஆக்கினார்கள். மெஷின் போட்டவர் பிழைத்தார், கைத்தொழில்காரர் அடி வாங்கினார். கோட்டைச் சரியான இடத்துக்கு நகர்த்துவதற்குப் பதிலாக, கோட்டையே அழித்துவிட்டார்கள். இதற்கிடையே 2015-ல், சிறுதொழிலுக்கென்று ஒதுக்கியிருந்த பட்டியலில் மிஞ்சியிருந்த கடைசி 20 பொருள்களும் விடுவிக்கப்பட்டன. தீப்பெட்டியும் பட்டாசும் அதில் அடக்கம்.

4. அப்படியானால் பெரும் பணக்காரர்?

இன்னொரு பக்கம் பாருங்கள். கட்டை அடுக்கும் அக்கா ஒரு தீப்பெட்டி வாங்கினாலும், கோடீஸ்வரர் வாங்கினாலும் அதில் உள்ள வரி ஒன்றே. மறைமுக வரியின் குணம் அது. இதைச் சமன் செய்யத்தான் நேரடி வரி. 1956-ல் கால்டார் என்ற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் சொன்ன யோசனையை ஒட்டி, நம் தமிழ்நாட்டுக்காரர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது, 1957-ல் சொத்து வரி வந்தது. இறந்தவர் விட்டுச் செல்லும் பெருஞ்சொத்துக்கான வரி 1953-லேயே வந்திருந்தது. அது 1985-லும், சொத்து வரி 2015 பட்ஜெட்டிலும் ரத்து செய்யப்பட்டன. 2019-ல் கம்பெனிகளின் வருமான வரி, மற்ற சலுகைகளை விட்டுக் கொடுத்தால் 22 சதவீதம், புது உற்பத்தி ஆலைக்கு 15 சதவீதம் என்று குறைந்தது.

எதிர்வாதமும் உண்டு. சொத்து வரியில் 2013-14-ல் வந்தது சுமார் 1,008 கோடிதான். வசூலிக்கும் சிரமத்துக்குக் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். சரி. ஆனால் ஏன் அவ்வளவு குறைவு? கம்பெனிப் பங்குகள் அந்த வரியில் சேரவே இல்லை. பெரும் பணக்காரரின் செல்வம் பெரும்பாலும் பங்காகத்தானே இருக்கிறது? ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்துவிட்டு, கிணற்றில் தண்ணீரே இல்லை என்றால் எப்படி? 2024-ல் ஜி-20 நாடுகளுக்காக சுக்மன் என்ற பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் ஒரு கணக்குக் கொடுத்தார். உலகில் உள்ள சுமார் 3,000 பெருங்கோடீஸ்வரர்கள் தம் செல்வத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 2 சதவீதம் வரி கட்டினால் 20,000 கோடி டாலருக்கு மேல் கிடைக்கும் என்பது அது.

5. நம் ஊர் நீதிமன்றம் திறந்த பூட்டு

பேடண்ட் பூட்டு இன்றும் மாட்டப்படுகிறது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளீவெக் என்ற மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி பேடண்ட் கேட்டது. 2006 ஜனவரியில் சென்னைப் பேடண்ட் அலுவலகம் மறுத்தது. ஏற்கெனவே தெரிந்த மருந்தில், குணமாக்கும் சக்தியைக் கூட்டாமல் வடிவத்தை மட்டும் மாற்றினால் பேடண்ட் கிடையாது என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவையே எதிர்த்துக் கம்பெனி போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-ல் தள்ளியது. பேடண்ட் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ல் முடித்து வைத்தது. அப்போது கம்பெனி மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது; இந்தியக் கம்பெனிகளின் மருந்து 10,000-க்குள். இந்த வித்தியாசம்தான் ஒரு குடும்பத்தின் உயிர்.

நம் பாடத்துக்கு நெருக்கமான இன்னொன்று. 125 சி.சி. இன்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் யாருக்குச் சொந்தம் என்று பஜாஜும் டி.வி.எஸ்.ஸும் மோதின. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2009-ல் அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. சமரசம் ஆனது 2019-ல்தான். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். அத்தனை ஆண்டு வக்கீல் பீஸ் கட்ட இந்த இரண்டு மலைகளால் முடியும். திருத்தங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனால் முடியுமா? "உன்மேல் கேஸ் போடுவேன்" என்ற ஒரு கடிதமே அவர் ஷட்டரை இறக்கப் போதும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, நம் புராஜெக்ட்டில் உருப்படியாக ஒன்று வந்தால் அதைப் பதிவு செய்யக் கற்றுக்கொள்வோம். 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குப் பேடண்ட் கட்டணத்தில் 80 சதவீதம் குறைப்பு உண்டு. ஆனால் விண்ணப்பம் போடும் முன் மேடையிலோ மலரிலோ வெளியிட்டுவிட்டால் உரிமை கைநழுவலாம், ஜாக்கிரதை.

இரண்டாவது, வேலைக்குச் சேரும்போது நீட்டும் காகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். நாம் கண்டுபிடிப்பது யாருக்குச் சொந்தம் என்று அதில் ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

மூன்றாவது, பட்ஜெட் அன்று டி.வி.யில் 'எது விலை ஏறும், எது குறையும்' என்பதோடு நிறுத்தாமல், கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அளவிலா? கருவியிலா? சொத்திலா? வயிற்றிலா?

1923-ல் உலகத்தையே வளைத்துப் போட்ட கம்பெனி நம் எதிரே நின்றது. 2005-ல் சுவீடிஷ் மேட்ச் விம்கோவை ஐ.டி.சி.க்கு விற்றுவிட்டு வெளியேறியது. குட்டி ஜப்பான் இன்னும் இருக்கிறது. அது தானாக நடந்ததல்ல. உழைத்தவர்கள் இருந்தார்கள், கோட்டைச் சரியான இடத்தில் போடு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். உழைக்க நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்கவும் கற்றுக்கொள்வோம்!