வங்கிக் கணக்கு மாறிவிட்டதென மின்னஞ்சல் வந்தால்...



கடைக்கு இரண்டு பூட்டுப் போடுகிறோம். களஞ்சியத்துக்குக் காவலாளி வைக்கிறோம். மாலையில் கல்லாவை எண்ணி, காசை வங்கியில் போடும்வரை மனம் அமைதியடைவதில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல் சரக்குக்குக் காசு அனுப்பும் மின்னஞ்சலுக்கு எம்மில் எத்தனை பேர் பூட்டுப் போட்டிருக்கிறோம்? கடைத் தொலைபேசி இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைத்திருப்பவர்களை நான் அறிவேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலை பதினேழு இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட.

வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்த இந்த விடயத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடந்த சில மாதங்களில் புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த இருவர் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். அவர்களும் வெளியில் சொல்லவில்லை. நாம் ஒவ்வொருவரும் மறைக்க மறைக்க, அடுத்த கடைக்காரனும் ஏமாறிக்கொண்டே இருப்பான்.

நடந்தது என்ன?

2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்காகச் சீனாவின் யிவூ நகரிலிருந்து சமையலறைப் பொருட்கள் எடுப்பதற்கு ஓடர் கொடுத்திருந்தேன். மொத்தம் 16,000 டொலர். வழமைபோல் 30 வீதம் முற்பணம் அனுப்பியாகிவிட்டது. மீதி 11,200 டொலரை அனுப்பினால் சரக்கு கப்பலேறும்.

மீதியை அனுப்பத் தயாராக இருந்த வாரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. எனது ஓடர் இலக்கம், தொகை, அதற்கு முன் நாங்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள் எல்லாம் அதன் கீழேயே இருந்தன. "எமது கணக்கில் வருடாந்தக் கணக்காய்வு நடைபெறுகிறது. ஆகவே மீதியை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்பவும். மூன்று நாட்களுக்குள் அனுப்பாவிட்டால் கப்பலைத் தவற விடுவீர்கள்" என்று எழுதியிருந்தது. புதிய இன்வொய்ஸும் இணைக்கப்பட்டிருந்தது. அதே கொம்பனிச் சின்னம், அதே முத்திரை, அதே கையொப்பம். கணக்கு மட்டும் ஐரோப்பாவில் ஒரு நாட்டில்.

சீனாக்காரனுக்கு ஐரோப்பாவில் ஏன் கணக்கு என்று நான் யோசிக்கவில்லை. பெருநாள் நெருங்குகிறது, கப்பல் போய்விடும் என்ற பயம்தான் முன்னுக்கு நின்றது. வியாழக்கிழமை வங்கிக்குப் போய்க் காசை அனுப்பினேன். திங்கட்கிழமை யிவூவிலிருந்து அழைப்பு வந்தது. "மீதிப் பணம் எப்போது வரும்? நாங்கள் எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லையே" என்றார்கள்.

வங்கிக்கு ஓடினேன். அவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு அன்றே செய்தி அனுப்பினார்கள். அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை என்று பத்து நாட்களின் பின் பதில் வந்தது. சரக்கை எடுப்பதற்கு மச்சானிடம் கடன் வாங்கி, அதே 11,200 டொலரை இரண்டாவது தடவை அனுப்பினேன். சரக்கு வந்து சேரும்போது பெருநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

யார் மீது பழி?

காசு போனதைவிட எனக்கு இன்றும் மனதைச் சுடுவது வேறொன்று. கடையில் கணனி பார்ப்பதற்கு அக்குறணைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். மின்னஞ்சலின் கடவுச்சொல் எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். ஆகவே என் சந்தேகம் நேரே அவர் மேல் விழுந்தது. வாயால் கேட்கவில்லை. ஆனால் அலுமாரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். கடையில் மற்றவர்களுக்கு விளங்கிவிட்டது, அவருக்கும் விளங்கியது.

மூன்றாம் நாள் அவரே வந்து, "நானா, இந்த மெயில் வந்த அட்ரஸ ஒருக்கா நல்லாப் பாருங்க" என்றார். யிவூக் கொம்பனியின் பெயரில் ஆங்கில 'எம்' எழுத்து ஒன்று வரும். அந்த இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு சிறிய எழுத்துக்களை ஒட்டிப் போட்டிருந்தார்கள். கண்ணுக்கு 'எம்' போலவே தெரியும். பிறகு அவர் மின்னஞ்சலின் செட்டிங்ஸைத் திறந்து காட்டினார். எமக்கு வரும் கடிதங்களெல்லாம் தெரியாத ஒரு முகவரிக்குப் பிரதியாகப் போய்க்கொண்டிருந்தன. உண்மையான சப்ளையரின் கடிதங்கள் வந்தவுடன் குப்பைக் கூடைக்குப் போகும்படி ஒரு கட்டளையும் போடப்பட்டிருந்தது. மூன்று கடிதங்கள் எனக்குக் கிடைக்காததன் காரணம் அதுதான்.

திருடன் உள்ளே வந்தது எப்படி? பழைய கடிதங்களைத் தேடிப் பார்த்தோம். ஜனவரியில் 'கப்பல் ஆவணங்கள்' என்று ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அதை அழுத்தினால் எமது மின்னஞ்சலின் முகப்பைப் போலவே ஒரு பக்கம் திறந்து, கடவுச்சொல் கேட்கும். ஒரு போயா நாளில், வீட்டில் இருந்தபடி, கைத்தொலைபேசியில் அதை அழுத்தி, கடவுச்சொல்லை அடித்துக் கொடுத்தவன் நான்தான். ஆவணம் எதுவும் திறக்கவில்லை. மறந்துவிட்டேன்.

அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல நானா" என்றார். ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் வேறு கடைக்குப் போய்விட்டார். நல்ல ஊழியர் ஒருவரை இழந்ததும் அந்தக் கணக்கில்தான் சேர வேண்டும்.

பெரியவர்களும் ஏமாந்த கதை

படித்தவனும் கணனி தெரிந்தவனும் இதில் ஏமாற மாட்டான் என்று நினைக்க வேண்டாம். கூகுள், பேஸ்புக் ஆகிய இரண்டு கொம்பனிகளையும்விடக் கணனி தெரிந்தவர்கள் யார்? லிதுவேனியா நாட்டைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமசோஸ்கஸ் என்பவர், அவ்விரு கொம்பனிகளுக்கும் பொருள் வழங்கும் தாய்வான் நாட்டு நிறுவனமொன்றின் பெயரிலேயே லத்வியாவில் ஒரு கொம்பனியைப் பதிவு செய்தார். பிறகு போலி இன்வொய்ஸ்களை அனுப்பினார். 2013 முதல் 2015 வரை பத்துக் கோடி டொலருக்கும் மேல் அவருடைய கணக்குகளுக்குப் போனது. 2019இல் நியூயோர்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஐந்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

எமது நாட்டோடு தொடர்புடைய சம்பவமும் உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணனிக்குள் புகுந்தவர்கள், நியூயோர்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை எடுக்க முயன்றார்கள். 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கையிலுள்ள ஒரு அமைப்பின் பெயருக்கு 2 கோடி டொலர் அனுப்பப்பட்டது. அந்த அமைப்பின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தது. அதனால் சந்தேகம் எழுந்து விசாரிக்கப்பட்டு, அந்த இரண்டு கோடியும் திருப்பி அனுப்பப்பட்டது.

அந்தப் பணத்தைக் காப்பாற்றியது விலை கூடிய இயந்திரமல்ல. ஓர் எழுத்துப் பிழையைக் கண்டு, "பொறுங்கள், ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்" என்ற ஒரு மனிதப் பழக்கம். எனக்கு இல்லாமல் போனதும் அதுதான்.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இற்கு 2023ஆம் ஆண்டில் கிடைத்த முறைப்பாடுகளின்படி, இவ்வாறு வியாபார மின்னஞ்சல் மூலம் இழந்த தொகை மட்டும் சுமார் 290 கோடி டொலர். இது முறையிட்டவர்களின் கணக்கு மாத்திரமே.

வங்கி ஏன் கண்டுபிடிக்கவில்லை?

பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. "பெயர் ஒன்று, கணக்கு இன்னொன்று என்றால் வங்கிக்குத் தெரியாதா?" வெளிநாட்டுக்குப் பணம் போகும்போது பெரும்பாலும் கணக்கு இலக்கத்தை வைத்தே வரவு வைக்கப்படுகிறது. பெயர் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு வங்கியும் பார்ப்பதில்லை. எமது வங்கியைப் பொறுத்தவரை, நாமே கையொப்பமிட்டு அனுப்பச் சொன்ன பணம் அது. திருடன் காசோலையைக் களவெடுக்கவில்லை. எம் கையாலேயே எழுதி வாங்கினான். காசு வந்தவுடன் அதைப் பல கணக்குகளுக்குப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். ஆகவே முதல் ஒரு நாள், இரண்டு நாளில் பிடித்தால்தான் ஏதாவது மிஞ்சும். வியாழன் அனுப்பி, திங்கள் கண்டுபிடித்த எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

இவற்றில் ஒன்றுக்கேனும் பெரிய செலவு இல்லை.

முதலாவது, கணக்கு இலக்கம் மாறிவிட்டது என்று யார் எழுதினாலும், காசு அனுப்புமுன் தொலைபேசியில் பேசுங்கள். புதிய கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு அல்ல, உங்களிடம் முன்பிருந்தே உள்ள இலக்கத்துக்கு. கடிதத்தில் உள்ள இலக்கத்தில் திருடனே பேசுவான். இன்று என் கடையில் இது சட்டம். பத்து வருடம் பழகிய சப்ளையரானாலும், ஓடர் பத்திரத்திலேயே "வங்கிக் கணக்கு மாற்றத்தை மின்னஞ்சலில் ஏற்க மாட்டோம்" என்று எழுதி விடுகிறேன். யாரும் கோபித்ததில்லை.

இரண்டாவது, மின்னஞ்சலுக்கு இரட்டைப் பூட்டுப் போடுங்கள். கடவுச்சொல்லுக்கு மேலதிகமாக, உங்கள் கைத்தொலைபேசியிலும் உறுதிப்படுத்தினால்தான் திறக்கும் வசதி ஜீமெயில் உட்படப் பலவற்றிலும் இலவசமாக இருக்கிறது. அன்று அது எனக்கு இருந்திருந்தால், நான் கொடுத்த கடவுச்சொல் மட்டும் அவனுக்குப் போதாமல் போயிருக்கும். ஆனால் அந்த இரண்டாவது இலக்கத்தையும் கேட்டு வாங்கும் போலிப் பக்கங்கள் உண்டு. ஆகவே மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தி ஒருபோதும் கடவுச்சொல் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, மாதத்துக்கு ஒரு தடவை மின்னஞ்சலின் செட்டிங்ஸைத் திறந்து, வேறு முகவரிக்குப் பிரதி போகிறதா, நீங்கள் போடாத கட்டளை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் இந்தக் கட்டளைகள் அழியாமல் இருக்கலாம். திருடனை வெளியேற்றிவிட்டு யன்னலைத் திறந்து வைத்த மாதிரி.

நான்காவது, வட்ஸ்அப். "தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்கம் வந்துவிட்டது, அனுப்பி விடுங்கள்" என்று தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வரும். அனுப்பினால் உங்கள் வட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளரிடம் கைமாற்றுக் கேட்பான். வட்ஸ்அப்பில் நீங்களே வைக்கும் இரகசிய இலக்கம் ஒன்றைப் போடும் வசதி இருக்கிறது. இன்றே போட்டு விடுங்கள். அதேபோல், வாடிக்கையாளர் "காசு போட்டாச்சு" என்று சிலிப் படம் அனுப்பினால், படத்தைப் பார்த்துச் சரக்கை ஏற்ற வேண்டாம். கணக்கைப் பார்த்து ஏற்றுங்கள்.

ஐந்தாவது, கணக்குப் புத்தகத்தின் பிரதி. 2023 ஆகஸ்டில் எமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்து போயின. அந்தக் காலப் பகுதிக்குப் பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அப்படியென்றால் எமது கடன்காரர் பட்டியலின் நிலை என்ன? வாரத்துக்கு ஒரு தடவை வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்து, அதைக் கணனியிலிருந்து கழற்றி வீட்டில் வையுங்கள். சொருகியபடியே விட்டால் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

அந்தப் பட்டியலில் இருப்பது எமது கணக்கு மட்டுமல்ல. வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதி, தொலைபேசி இலக்கம், யார் எவ்வளவு கடன் என்ற விபரம் எல்லாம் இருக்கின்றன. அவை எம்மிடம் உள்ள அமானிதம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தப் பொறுப்பைப் பற்றியதுதான். பழைய கணனியை விற்கும்போதும், தொலைபேசியைத் திருத்தக் கொடுக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

நடந்துவிட்டால்?

முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள். மறுநாள் பார்ப்போம் என்று விட வேண்டாம். பணத்தைத் திருப்பி அழைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வையுங்கள், அதுவே சாட்சி. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின் கீழ் பொலிஸில் முறையிடலாம். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆலோசனைக்கு 'இலங்கை சேர்ட்' நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அத்தோடு, கடையில் வேலை செய்யும் பிள்ளையைச் சந்தேகிக்குமுன், உங்கள் கைத்தொலைபேசியை எடுத்து, கடந்த இரண்டு மாதத்தில் நீங்கள் எதை அழுத்தினீர்கள் என்று பாருங்கள். நான் அதை மூன்று நாள் பிந்திச் செய்தேன்.