ரசத்தில் கரைத்த மாத்திரை... குடிநோய்க்கு மருந்து உண்டு, ஒளித்துக் கொடுக்கலாமா?

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா அவர். பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பதினைந்து வருடக் குடி. கோயிலில் கயிறு கட்டியாயிற்று, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியாயிற்று, ஒருமுறை கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கும் போய் வந்தாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் தூரத்து உறவுப் பெண் ஒருவர் ஒரு மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"பொடி பண்ணி ரசத்துல கலந்துடு. ஒண்ணும் தெரியாது. மேல குடிச்சா வாந்தியா எடுப்பாரு. தானா விட்டுடுவாரு."

நான்காம் நாள் ராத்திரி அவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் குங்குமமாகச் சிவந்திருந்தது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றார். வாந்தி. வேர்வை. அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். ரத்த அழுத்தம் தரைமட்டத்தில் இருந்தது. மாரடைப்பாக இருக்குமோ என்று இ.சி.ஜி. எடுத்தார்கள். என்ன சாப்பிட்டார், ஏதாவது மருந்து எடுக்கிறாரா என்று டாக்டர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அக்கா இல்லை என்றே தலையாட்டினார். பிறகு நர்ஸம்மாவைத் தனியே கூப்பிட்டு, அழுதுகொண்டே அட்டையை எடுத்துக் காட்டினார்.

பிழைத்துக்கொண்டார். ஆனால், விஷயம் தெரிந்ததும் இரண்டு மாதம் அவர் வீட்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை. மூன்று வேளையும் தள்ளுவண்டிக் கடையில்தான். "எம் பொண்டாட்டி எனக்கு விஷம் வெச்சா" என்று தெருவெல்லாம் சொன்னார். குடி நிற்கவில்லை.

புழுவுக்குத் தேடிய மருந்து

அந்த மாத்திரையின் பெயர் டைசல்ஃபிரம். அது ஒன்றும் போலி மருந்து அல்ல. டென்மார்க்கில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் ஜேக்கப்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வயிற்றுப் புழுவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்பானதா என்று பார்க்கத் தாங்களே மாத்திரையை விழுங்கினார்கள். அதன் பிறகு மது அருந்தியபோதுதான் உடம்பு படாதபாடு பட்டது. புழு மருந்தாக வந்தது, 1948-ல் குடிநோய் மருந்தாக அறிவிக்கப்பட்டது. 1951-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

உள்ளே நடப்பது இதுதான். நாம் குடிக்கும் சாராயம் கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். உடனே இன்னொரு நொதி அதை ஆபத்தில்லாத பொருளாக மாற்றிவிடும். டைசல்ஃபிரம் அந்த இரண்டாவது நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. நச்சு ரத்தத்தில் தேங்குகிறது. முகம் சிவப்பது, மண்டையிடி, வாந்தி, படபடப்பு எல்லாம் அதனால்தான். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம்.

ஆகவே, இந்த மருந்துக்குக் குடியின் மேல் உள்ள ஆசையைக் குறைக்கும் சக்தி கிடையாது. 'குடித்தால் இப்படி ஆகும்' என்பது அவருக்குத் தெரிந்திருந்தால்தான் அது வேலை செய்யும். தெரியாமல் கொடுத்தால் அது மருந்தே அல்ல, விபத்து. குடித்து குறைந்தது 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதித்திருக்க வேண்டும், அவருடைய சம்மதம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் எந்த மனநல மருத்துவரும் இதை எழுதித் தரமாட்டார். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வீரியம் உடம்பில் இருக்கும். இருமல் டானிக், வாய் கொப்பளிக்கும் திரவம், அரிஷ்டம் என்று ஆல்கஹால் கலந்த எதுவும் அந்த நாட்களில் ஆகாது. வயிற்றுப்போக்குக்குப் போடும் மெட்ரோனிடசோல் மாத்திரையும் கூடாது.

சம்மதத்தோடு கொடுத்தால் கதையே வேறு. தினமும் காலையில் மனைவியோ அம்மாவோ பார்க்க, அவரே எடுத்து விழுங்குவது என்று ஏற்பாடு செய்துகொண்டவர்களுக்கு இதே மாத்திரை நல்ல பலன் தருகிறது. காலையில் ஒருமுறை முடிவெடுத்துவிட்டால், சாயங்காலம் கடை வாசலில் நின்று மனசோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பஸ் ஸ்டாண்டு சுவரிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் 'குடியை மறக்க வைக்கும் பொடி, அவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்' விளம்பரங்களைப் பற்றி என்ன சொல்ல? அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றைப் புருஷன் தட்டில் போடாதீர்கள்.

மாலை போட்ட மறுநாள்

அந்த வருடம் கார்த்திகை மாதம் அவரே சபரிமலைக்கு மாலை போட்டார். முந்தின நாள் ராத்திரியோடு குடி கட். அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று முழுக்கக் கை நடுங்கியது, தூக்கம் இல்லை, ஒரே வேர்வை. "விரதம்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் கூட மாலை போட்ட சாமிகள். மறுநாள் காலை பூஜையில் உட்கார்ந்திருந்தபோதே வலிப்பு வந்து விழுந்தார்.

சாமி குத்தம் என்றார்கள். அது குத்தம் இல்லை, வேதியியல். வருடக்கணக்காகத் தினம் குடிப்பவரின் மூளை, மதுவின் அமுக்கத்தை மீறி வேலை செய்யப் பழகியிருக்கும். அமுக்கம் திடீரென விலகினால் மூளை தறிகெட்டு ஓடும். நிறுத்திய ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வதுபோலத் தோன்றுவது, காய்ச்சல் எல்லாம் வரும். இந்தக் கடைசிக் கட்டம் கவனிக்காமல் விட்டால் உயிரைப் பறிக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு மதுக்கடைகளை மூடியபோது, இந்த ஆபத்து ஊரறிய வெளியே வந்தது. கேரள அரசு, டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று உத்தரவே போட்டது. உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது.

அதனால், 'வீட்டுல பூட்டி வெச்சா சரியாயிடும்' என்பது எல்லோருக்கும் பொருந்தாது. காலையில் எழுந்ததும் கை நடுக்கத்துக்காகக் குடிப்பவர், முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர் ஆகியோர் மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். அங்கே குளோர்டயசிபாக்சைடு, லோராசெபாம் போன்ற மாத்திரைகளைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். இவை அந்தச் சில நாட்களுக்கு மட்டும்தான். 'தூக்கம் வருதே' என்று பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருந்தால் அதுவே இன்னொரு பழக்கமாகிவிடும். மேலே குடித்துவிட்டால் மூச்சே அடங்கிப்போகலாம்.

இன்னொரு விஷயம். நம் ஊரில் குடித்துச் சோர்ந்தவரைத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போய், 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க சார்' என்று கேட்பது வழக்கம். சரியாகச் சாப்பிடாமல் குடிப்பவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். இருக்கும் கொஞ்சநஞ்சத்தையும் குளுக்கோஸ் செலவழித்துவிடும். நடை தள்ளாடுவது, கண் சுழல்வது, குழப்பம் என்று மூளை பாதிக்கப்படலாம். நேற்றுச் சொன்னது இன்று நினைவில்லை என்ற நிலையே நிரந்தரமாகிவிடுவதும் உண்டு. அதனால்தான் தயமின் ஊசியைத் தாமதிக்காமல் முதலிலேயே போடுகிறார்கள். கிளினிக்கில் 'இவர் தினம் குடிப்பவர்' என்று வாய் திறந்து சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் ஒரு வார்த்தைக்கு விலை அதிகம்.

ஆசையைக் குறைக்கும் மாத்திரைகள்

பத்து நாள் கழித்து வீடு திரும்பும்போதுதான் நிஜமான சிகிச்சை தொடங்குகிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தனியாக விடப்படுகிறார்கள். 'இனிமே உன் கையிலதான் இருக்கு' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். சர்க்கரை நோயாளியிடம் அப்படிச் சொல்லி மாத்திரையைப் பிடுங்கிக்கொள்வோமா?

நால்ட்ரெக்ஸோன் என்று ஒரு மாத்திரை. குடித்ததும் மூளையில் சுரக்கும் இயற்கையான சுக ரசாயனம் உட்காரும் நாற்காலியில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். குடித்தாலும் பழைய கிக் இருக்காது. நாளடைவில் ஆசை தணியும். வழுக்கி ஒருநாள் குடித்துவிட்டாலும் டைசல்ஃபிரம் போல ஆளைச் சாய்க்காது. ஆனால் டிராமடால் போன்ற வலி மருந்து எடுப்பவருக்கு இது ஆகாது. ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கல்லீரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று அகாம்ப்ரோசேட். குடியை நிறுத்திய பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் அந்த இனம்புரியாத தவிப்பு, தூக்கமின்மை ஆகியவற்றைத் தணிக்க உதவும். கல்லீரல் கெட்டவருக்கும் பெரும்பாலும் தரலாம், சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மாத்திரை என்பதுதான் தொல்லை. லோடு ஏற்றி இறக்கும் மனிதருக்கு மத்தியான வேளை மறந்துபோகும்.

2023-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு வெளியான, 118 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அலசலின் கணக்கு இது: 11 பேர் அகாம்ப்ரோசேட் எடுத்தால், அதனால் கூடுதலாக ஒருவர் மீண்டும் குடிக்காமல் தப்புகிறார். நால்ட்ரெக்ஸோன் 11 பேர் எடுத்தால், ஒருவர் மொடாக்குடிக்குத் திரும்பாமல் தப்புகிறார். 'அவ்வளவுதானா?' என்று கேட்கலாம். அந்த ஒருவர் உங்கள் வீட்டுக்காரர் என்றால்? நாம் அன்றாடம் நம்பி விழுங்கும் பல மாத்திரைகளின் கணக்கும் இதைவிடப் பெரிதில்லை.

இந்த மூன்றுமே போதை தருபவை அல்ல, பழக்கமாகிவிடாது. 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்ற பேச்சு தவறு. குடிநோயர் கூட்டங்களில் கூட 'மாத்திரை போட்டால் அது உண்மையான விடுதலை இல்லை' என்று சிலர் சொல்வதுண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கையேடே, உறுப்பினர்கள் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. மாத்திரையும் வேண்டும், கூட்டமும் வேண்டும், கவுன்சலிங்கும் வேண்டும். பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மருந்து தொடரும்.

எங்கே போவது?

2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். மீதிப்பேர் கயிறும் பொடியும் சத்தியமும்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, நோயாளியோடு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசும் வழக்கத்தை நீண்ட காலமாகக் கடைப்பிடிக்கிறது. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலிமானஸ் எண் இரண்டும் இலவசம். குடிப்பவர்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை, நீங்களே கூப்பிடலாம்.

லோடு ஆட்டோக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். வலிப்புக்குப் பிறகு ஒன்பது நாள் வார்டில் இருந்தார். கிளம்பும் அன்று டாக்டரம்மா மூன்று மாத்திரைகளையும் பற்றி இருவருக்கும் விளக்கிவிட்டு, "நீங்களே சொல்லுங்கண்ணே, எது உங்களுக்குச் சரிப்படும்?" என்று கேட்டாராம். அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நால்ட்ரெக்ஸோன் என்றார். "வாந்தி மாத்திரை மட்டும் வேணாம் மேடம், அத பார்த்தாலே ரசம் ஞாபகம் வருது."

இடையில் இரண்டு முறை வழுக்கினார். ஒன்று மச்சினன் கல்யாணத்தில், இன்னொன்று காரணமே இல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு முறையும் மறுநாளே மாத்திரையைத் தொடர்ந்தார். இப்போது எட்டு மாதம். அட்டை டி.வி. மேல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அக்கா எண்ணிப் பார்ப்பதில்லை என்கிறார். "எண்ணத்தான் தோணும்டா, கையக் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்று போன வாரம் என்னிடம் சொன்னார், பிளவுஸுக்கு ஹூக் தைத்தபடி.

வீட்டில் ரசம் வைத்தால் மட்டும் இன்னும் அக்காதான் முதலில் ஒரு டம்ளர் குடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.