லேப்டாப் அம்புக்குறி நின்றுவிட்டதா? பழுதுக்கடைக்கு எடுத்துப் போகுமுன் பார்க்க வேண்டியவை

மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் நம் கடைவீதிகளில் விளக்கு அணைய நேரமாகிறது. ஜி.எஸ்.டி.ஆர். 3பி படிவத்தை அன்றைக்குள் அனுப்பியாக வேண்டும். பெரிய கடைவீதி நகைக்கடையானாலும் காந்தி மார்க்கெட் மளிகை மண்டியானாலும், அந்த இரவில் லேப்டாப்பின் அம்புக்குறி நகராமல் நின்றுவிட்டால் முதலாளிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. டச்பேட் என்னும் அந்தச் சதுரப் பலகையைத் தேய்க்கிறார்கள், தட்டுகிறார்கள், அழுத்துகிறார்கள். மறுநாள் காலை இயந்திரம் பழுது பார்க்கும் கடைக்குப் போகிறது. இங்கே தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய் என்று ஓடத் தொடங்குகிறது. வியாபாரமே நடக்காத மாதமென்றாலும் 20 ரூபாய் உண்டு. ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி வேறு. மூன்று மாதத்திற்கு ஒருமுறை படிவம் அனுப்பும் சிறு வணிகர்களுக்குத் தமிழ்நாட்டில் 22-ஆம் தேதி வரை அவகாசம் உண்டு என்பது உண்மை. ஆனால் அவர்களும் அந்தக் கடைசி இரவில்தான் இயந்திரத்தைத் திறக்கிறார்கள்.

மொத்த வியாபாரிகளின் பாடு இன்னும் அவசரம். எண்ணெய் டின் ஏற்றிய லாரி வாசலில் நிற்கும். வரிக்குரிய சரக்கு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் என்றாலும், வெளிமாநிலத்திற்கு 50 ஆயிரத்துக்கு மேல் என்றாலும் இ-வே பில் இல்லாமல் வண்டியைக் கிளப்ப முடியாது. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி எட்டிப் பார்க்கிறார்.

இப்படி நின்றுபோன டச்பேட்களில் பல உண்மையில் கெட்டுப் போனவை அல்ல, யாரோ அணைத்துவிட்டவை. அந்த யாரோ பெரும்பாலும் நம் கடைக்குள்தான் இருக்கிறார்.

அது எப்படி என்று கேட்கலாம். நம்மில் பெரும்பாலோர் கணக்கு வைப்பது டேலியில். 1986-இல் கோயங்கா குடும்பத்தார் தொடங்கிய அந்தப் பெங்களூர் நிறுவனத்தின் மென்பொருள், எலி இல்லாத காலத்துப் பழக்கத்தில் வளர்ந்தது. எல்லாமே விசையில் முடியும். எஃப்-5 தட்டினால் செலவுச் சீட்டு, எஃப்-6 வரவுச் சீட்டு, எஃப்-7 ஜர்னல், எஃப்-8 விற்பனை, எஃப்-9 கொள்முதல். இருபது வருடமாக மேசைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பழகிய கை, கண்ணை மூடிக்கொண்டு தட்டும். லேப்டாப்பிலோ இதே விசைகளுக்கு இரண்டாவது வேலை ஒன்று கொடுத்திருக்கிறார்கள்: ஒலி கூட்ட, வெளிச்சம் குறைக்க, டச்பேடை அணைக்க. ஏசர் இயந்திரங்கள் பலவற்றில் எஃப்-7-தான் டச்பேடை அணைக்கும் விசை. ஏசஸ் நிறுவனத்தின் புதிய மாடல்கள் சிலவற்றில் எஃப்-6, பழையவற்றில் எஃப்-9. மற்ற கம்பெனிகளிலும் மாடலுக்கு மாடல் இடம் மாறும். கணக்குப்பிள்ளை ஜர்னல் போட எஃப்-7-ஐத் தட்டுவார். ஜர்னல் திறக்காது, டச்பேட் அணையும். அவர் அதைக் கவனிக்க மாட்டார், ஏனென்றால் டேலியில் அவருக்கு டச்பேட் தேவையே இல்லை. இரவு முதலாளி வந்து ஜி.எஸ்.டி. தளத்தைத் திறக்கும்போதுதான் அம்புக்குறி அசையாது.

ஆகவே முதலில் விசைப்பலகையின் மேல்வரிசையை உற்றுப் பாருங்கள். சின்னச் சதுரத்தின் மேல் விரலோ குறுக்குக்கோடோ போட்ட படம் எந்த விசையில் இருக்கிறதோ அதை ஒருமுறை தட்டுங்கள். பயனில்லையென்றால் இடது கீழ் மூலையிலுள்ள எஃப்.என். என்ற விசையை அழுத்திக்கொண்டு தட்டுங்கள். எச்.பி.யின் பழைய மாடல்கள் சிலவற்றில் இதற்கு விசை கிடையாது. டச்பேடின் இடது மேல் மூலையில் ஒரு புள்ளி இருக்கும். அங்கே இருமுறை தட்டினால் அணையும், மறுபடி தட்டினால் உயிர் பெறும். அணைந்திருக்கும்போது பக்கத்தில் ஆரஞ்சு விளக்கு எரியும். இந்தத் தொல்லை அடிக்கடி வருகிற கடைகளில் எஃப்.என். விசையுடன் எஸ்கேப்பைச் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். பல மாடல்களில் அது மேல்வரிசை விசைகளைப் பழைய டேலி வேலைக்கே திருப்பிவிடும்.

அடுத்த சந்தேகம் மவுஸ் மேல். கம்பியில்லா மவுஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பகலில் காந்தி மார்க்கெட் கிடங்கில் வேலை, இரவு லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வீட்டுக்குப் பயணம். மவுஸ் கிடங்கு மேசையிலேயே இருந்துவிடும். நகம் அளவு ரிசீவர் மட்டும் லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகியபடி கூடவே வந்துவிடும். மவுஸ் இணைந்திருக்கும்போது டச்பேடை அணைத்து வை என்று விண்டோஸில் ஒரு ஏற்பாடு உண்டு. அது அப்படி அமைக்கப்பட்டிருந்தால், எலி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்க, டச்பேட் இந்தப் பக்கம் செத்துக் கிடக்கும். ரிசீவரைப் பிடுங்கினால் போதும்.

அந்த அமைப்பையே மாற்ற வேண்டுமா? விண்டோஸ் விசையை ஒருமுறை தட்டி, டச்பேட் என்று ஆங்கிலத்தில் எழுதி எண்டர் கொடுத்தால் அதற்குரிய பக்கம் திறக்கும். டேப் விசையால் ஒவ்வொன்றாக நகர்ந்து ஸ்பேஸ் விசையால் ஆன் செய்யலாம். ஜி.எஸ்.டி. தளத்திலும் இதே டேப், ஸ்பேஸ், எண்டர் மூன்றையும் வைத்துப் பெரும்பகுதி வேலையை முடிக்கலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். எண்களுக்குத் தனிக்கட்டம் உள்ள விசைப்பலகையானால் இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்துத் தட்டி எண்டர் கொடுங்கள். 8, 2, 4, 6 எண்கள் அம்புக்குறியை மேலும் கீழும் இடமும் வலமும் நகர்த்தும், 5 சொடுக்கும். ஆனால் இத்தனை வித்தைக்கும் மேலாக, கல்லாப்பெட்டிக்குள் ஒரு சாதாரணக் கம்பி மவுஸ் வாங்கிப் போட்டு வைப்பதே நம் கட்சி.

எதையும் நோண்டுமுன் இயந்திரத்தை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி போட்டோமே என்பார்கள். விண்டோஸில் அது பெரும்பாலும் அரைத் தூக்கம். சீக்கிரம் எழுந்திருப்பதற்காகப் பழைய நிலையில் ஒரு பகுதியை எழுதி வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் முழுக்க அணைத்து எழுப்பும்.

அம்புக்குறி நிற்கவில்லை, ஆனால் பேய் பிடித்ததுபோல் குதிக்கிறது என்றால் விஷயம் வேறு. டச்பேட் அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் பக்கத்தில் வரும்போது மேற்பரப்பில் ஏற்படும் மின்மாற்றத்தைத்தான் அது அளக்கிறது. 1994-இல் ஆப்பிள் கம்பெனி பவர்புக் 500 வரிசையில் இதைப் பொருத்தியது முதல் அடிப்படை இதுதான். ஈரக்கை, எண்ணெய்க்கை, வாழைக்கறை எல்லாம் அதன் கணக்கைக் குழப்பும். ஆயுத பூஜையன்று தராசுக்கும் கல்லாவுக்கும் வைத்த கையோடு டச்பேடின் நடுவிலும் சந்தனம் குங்குமம் வைக்கிற பக்தர்கள் நம்மிடையே உண்டு. பொட்டை மூடியின் மேல் வைத்தால் சாமி கோபிக்காது. புதிதாக வாங்கியபோது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை இரண்டு வருடமாகப் பிரிக்காதவர்களும் அதைப் பிரித்துவிடலாம். துடைப்பதென்றால் இயந்திரத்தை அணைத்துவிட்டு, லேசாக ஈரமாக்கிப் பிழிந்த மெல்லிய துணியால் துடையுங்கள். நேராகத் தண்ணீரோ திரவமோ தெளிக்காதீர்கள்.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் குதிக்கிறதா என்றும் பாருங்கள். பிடுங்கினால் சாதுவாகிவிடுகிறது என்றால் சார்ஜரிலோ எர்த்திலோதான் கோளாறு. மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை உடைத்து இரண்டு துளைப் பெட்டியில் செருகுவது நம் பழைய கட்டடங்களில் சாதாரணம். எர்த் இல்லாத மின்சாரத்தின் இரைச்சல் டச்பேடுக்குப் பொய்விரலாகத் தெரியும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்ப்பது கடைக்கும் நல்லது, கடைப் பையன்களின் உயிருக்கும் நல்லது.

இனிச் சொல்லப்போவதில்தான் ஆபத்து இருக்கிறது. டச்பேட் மெல்ல மெல்லக் கெட்டியாகி, அழுத்தினால் சொடுக்காமல் போகிறதா? ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? மூடி முன்போல் சரியாக மூடவில்லையா, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா? அப்படியென்றால் டச்பேடைக் குற்றம் சொல்ல வேண்டாம். அடியில் உள்ள பேட்டரி உப்பி மேலே தள்ளுகிறது. பழைய லேப்டாப்களில், உதாரணமாக 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த காலத்து இயந்திரங்களில், பேட்டரியைப் பின்பக்கம் தாழ்ப்பாள் தள்ளிக் கழற்றலாம். இன்றைய மெல்லிய மாடல்களில் அது உள்ளங்கை வைக்கும் இடத்தின் கீழே, டச்பேடை ஒட்டித் தட்டையாகப் படுத்திருக்கிறது. லித்தியம் பேட்டரி வயதானாலும், வெப்பத்தில் கிடந்தாலும், எந்நேரமும் முழு சார்ஜிலேயே நின்றாலும் உள்ளேயுள்ள திரவம் சிதைந்து வாயுவாகிறது. மெல்லிய பை உறை வாயுவை வெளியே விடாமல் அப்பளம்போல் உப்புகிறது.

நம் கடைகளில் இந்த மூன்றும் ஒன்றாகவே நடக்கின்றன. காலை ஒன்பதுக்குச் செருகிய சார்ஜர் இரவு பத்துக்குத்தான் வெளியே வருகிறது. திருச்சியின் கோடை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி அறைக்குள், சாமி விளக்குக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்திருக்கும் கடைகளும் உண்டு. வேறு நாட்டில் நடக்கிற கதை என்று நினைக்க வேண்டாம். எச்.பி. நிறுவனம் 2016-லும் 2018-லும், ஆப்பிள் 2019-லும் தீப்பிடிக்கும் அபாயம் கருதி லேப்டாப் பேட்டரிகளை உலக அளவில் திரும்பப் பெற்றுக்கொண்டன.

உப்பல் தெரிந்தால் தூக்கிய இடத்தை விரலால் அமுக்கிச் சமப்படுத்தாதீர்கள். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, துணி, பஞ்சு, காகிதக்கட்டு, எண்ணெய் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, மறுபடி போடாமல் கம்பெனி சர்வீசுக்கு எடுத்துப் போங்கள். இரவோடு இரவாக ஜி.எஸ்.டி. முடிக்க வேண்டுமென்றால் மகன் லேப்டாப்பிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ செய்து கொள்ளுங்கள். ஊசியால் குத்தி வாயுவை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இயந்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கழற்றிய பேட்டரியை மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது, ஆகவே சர்வீஸ் மையத்திலேயே ஒப்படைத்துவிடலாம். புதிய பேட்டரி போட்டபின், சுமார் 80 சதவிகிதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி பல கம்பெனி லேப்டாப்களில் இருப்பதால், அதை ஆன் செய்து தரும்படி அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

எந்தக் காரணத்திற்காக வெளியில் கொடுத்தாலும், அதற்குள் நம் பார்ட்டிகளின் பாக்கி, கொள்முதல் விலை, வங்கி விவரம் எல்லாம் இருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும். கொடுக்குமுன் கம்பி மவுஸ் செருகி டேலிக் கணக்கைப் பென் டிரைவில் பேக்கப் எடுங்கள். உப்பிய பேட்டரி உள்ள இயந்திரமானால் அதற்காகவும் போடாதீர்கள், பேக்கப்பை சர்வீசில் உங்கள் கண்முன்னே எடுக்கச் சொல்லுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பிடுங்கிக் கல்லாவில் பூட்டுங்கள். இயந்திரம் திரும்பி வந்த அன்றே ஜி.எஸ்.டி., இ-வே பில், வங்கி மூன்றின் கடவுச்சொற்களையும் மாற்றிவிடுங்கள்.