நீர்மூழ்கி மூச்செடுக்கும் நேரம்

'டேஞ்சரஸ் வோட்டர்ஸ்' என்ற கடற்போர் கணினி விளையாட்டு 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. பழையதுதான், ஆனாலும் நித்திரை வராத இரவுகளில் நான் இன்னமும் அதைத்தான் திறக்கிறேன். ரஷ்யாவின் கிலோ ரக டீசல் நீர்மூழ்கியை அதில் நாமே செலுத்தலாம். தொடக்கத்தில் நான் மூழ்கடிக்கப்பட்டதெல்லாம் ஒரே கட்டத்தில்தான்: பற்றரி இறங்கி, சுவாசக் குழாயை உயர்த்திய பிறகு.

பற்றரியில் ஓடும்போது டீசல் நீர்மூழ்கி மிக அமைதியானது. கிலோ ரகம் மூன்று நொட் வேகத்தில் ஏறத்தாழ 400 கடல் மைல் போகும். வேகத்தைக் கூட்டினால் பற்றரி மளமளவென்று இறங்கிவிடும். பிறகு மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வந்து, குழாயை மட்டும் வெளியே நீட்டிக் காற்றை இழுத்து, டீசல் எஞ்சினை ஓட்டித்தான் பற்றரியை நிரப்பவேண்டும்.

இருட்டு மறைக்கும் என்று நம்பி இரவில் ஏறினேன். ராடருக்கு ஏது இருட்டு? குழாயின் தலை மிகச் சிறியது என்பதால், கொந்தளிக்கும் கடலில் அலைகளின் எதிரொலிக்குள் அது ஓரளவு ஒளிந்துகொள்ளும். கடல் அடங்கிக் கிடந்தால் தப்புவது கடினம்.

ஆனால் காட்டிக்கொடுப்பது குழாய் மட்டுமல்ல. பக்கம் மாறி, அமெரிக்க பி-3 ஓரியன் விமானத்தை எடுத்து விளையாடியபோதுதான் அது விளங்கியது. கடலில் போட்ட ஒலிமிதவைகள் கேட்பதெல்லாம் திரையில் கோடுகளாக விழும். சீராகச் சுழலும் எஞ்சினின் ஒலி ஒருசில தாழ்ந்த அதிர்வெண்களில் குவிகிறது. தாழ்ந்த ஒலி நீரில் அதிகம் தேயாமல் நெடுந்தூரம் போகும். குழாயைக் கண்ணால் காணமுன்னரே எஞ்சினைக் கேட்டுவிடலாம்.

அதைவிட மோசமானது நம்முடைய செவிட்டுத்தனம். பங்கருக்குள் இருந்து விமான இரைச்சலுக்குக் காதுகொடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பக்கத்தில் ஜெனரேற்றர் ஓடினால் மேலே வருவது கேட்காது. 1944இல் சுவாசக் குழாயுடன் ஓடிய ஜேர்மன் நீர்மூழ்கிகள் அடிக்கடி எஞ்சினை நிறுத்தி, சுற்றிலும் கேட்டுவிட்டுத்தான் தொடர்ந்தன. ஒரு விளையாட்டு நேர்மையானதா என்று பார்க்க நான் முதலில் சோதிப்பது இதைத்தான்: டீசல் ஓடும்போது என் சோனார் மங்குகிறதா?

இது விளையாட்டாக இல்லாத இடமும் உண்டு. 1945 பெப்ரவரி 9ஆம் திகதி, நோர்வேயின் ஃபேட்யே தீவருகே, யு-864 என்ற ஜேர்மன் நீர்மூழ்கி எஞ்சின் கோளாறால் பேர்கனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பிரித்தானிய நீர்மூழ்கி 'வென்சுரர்' தன் சோனார் ஒலியை அனுப்பாமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தது. மீன்பிடிப் படகின் டீசல் எஞ்சின் போல ஏதோ கேட்டது. பின்னர் நீருக்கு மேலே ஒரு கம்பம் தெரிந்தது. பெரிஸ்கோப் என்று எண்ணினார்கள், சுவாசக் குழாயாகவும் இருந்திருக்கலாம். பல மணிநேரம் பின்தொடர்ந்து நான்கு டோர்பிடோக்களை ஏவினார்கள். மூன்று தவறின, நான்காவது பட்டது. யு-864இல் இருந்த 73 பேரும் இறந்தார்கள். நீரில் மூழ்கியிருந்த நீர்மூழ்கி ஒன்றை, மூழ்கியிருந்த இன்னொன்று வேண்டுமென்றே தாக்கி அழித்ததாக அறியப்பட்ட ஒரே சம்பவம் இதுதான்.

இப்போது நான் பற்றரி அரைவாசி இருக்கும்போதே, அலையடிக்கும் நேரமாகப் பார்த்து ஏறுகிறேன். பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்திக் கேட்கிறேன். ஓரியன் இன்னமும் என்னைப் பிடிக்கிறது, ஆனால் முன்புபோல ஒவ்வொரு முறையும் அல்ல.