வலையில் ஏறிய மலை

கிரேக்க நாடு என்றால் ஏதென்ஸ் நகரமும் ஒலிம்பிக் பந்தயமுமே நம் நினைவுக்கு வரும். வாருங்கள், இன்று நாம் தெசலி சமவெளியின் ஓரத்திலுள்ள மெத்தேயோராவுக்குச் சென்று வருவோம்!

ஆதியில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த கூழாங்கல்லும் மணலும் இறுகி, பின்பு காற்றாலும் மழையாலும் அரிக்கப்பட்டுத் தூண்களாக நிற்கும் பாறைகள் இவை. 14ஆம் நூற்றாண்டில் அத்தனாசியோஸ் என்னும் துறவி இங்கே ஒரு பாறை உச்சியில் மடம் அமைத்தார். கலகமும் கொள்ளையும் மலிந்த காலம், உயரமே அரண். நாளடைவில் 24 மடங்கள் எழுந்தன. படிகள் ஏது? நீண்ட ஏணியில் ஏற வேண்டும். அல்லது வலைக்குள் சுருண்டு அமர, மேலிருந்து துறவிகள் உருளையைச் சுற்றிக் கயிற்றை இழுப்பார்கள். (எங்களில் பாதிப்பேர் அடிவாரத்திலேயே நின்றிருப்போம்!) 1920களில்தான் பாறையில் படிகள் வெட்டப்பட்டன.

நெடுங்காலம் பெண்களுக்கு இங்கு இடமில்லை. இரண்டாம் உலகப்போரில் சேதமுற்று, ஏறக்குறைய கைவிடப்பட்டுக் கிடந்தது புனித முடியப்பர் மடம். 1961இல் அதை ஏற்றுப் புதுப்பித்தவர்கள் ஆர்த்தடாக்ஸ் சபைக் கன்னியரே! இன்று இயங்கும் ஆறு மடங்களில் இரண்டு கன்னியருடையவை. முடியப்பர் மடத்துக்கு வலையும் வேண்டாம், ஏணியும் வேண்டாம்; ஒரு சிறு பாலத்தைக் கடந்தால் வாசல்.