காற்றில்லாத நாளின் பேரலை

புதுச்சேரியின் திருபுவனை, பாகூர்ப் பக்கத்திலிருந்து விடுமுறை நாளில் கடற்கரைக்குக் கிளம்புகிறவர்கள் வானத்தைப் பார்த்தே கடலைக் கணிக்கிறார்கள். மேகமில்லை, காற்றில்லை, அலையும் அடங்கித்தான் இருக்கும் என்று. இந்தக் கணிப்பு சில நாட்களில் ஆளையே விழுங்கிவிடும். கரையில் உடைகிற அலை உள்ளூர்க் காற்றில்தான் பிறக்க வேண்டும் என்றில்லை.

அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் காற்றை மறிக்க நிலமே இல்லை. புயல் ஓடும் தூரமெல்லாம் அலை வளர்ந்துகொண்டே போகும். 2018 மே 8 அன்று நியூசிலாந்துக்குத் தெற்கே கேம்பல் தீவருகே ஒரு மிதவை பதிவுசெய்த அலையின் உயரம் 23.8 மீட்டர். கிட்டத்தட்ட எட்டு மாடி!

புயல் ஓய்ந்தாலும் அலை ஓயாது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 20 விநாடி இடைவெளி இருந்தால், ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் 600 மீட்டருக்கு மேல். அதன் ஆற்றல் ஒரு நாளில் சுமார் 1,350 கிலோமீட்டர் கடக்கும். 6,000 கிலோமீட்டர் தெற்கே பிறந்தது நான்கைந்து நாளில் குமரிக்கு வந்துவிடும். நடுக்கடலில் படகுக்காரருக்கே அது புலப்படாது. ஆழம் குறையும்போதுதான் வேகம் தணிந்து உயரம் கூடும்.

நீண்ட அலைகள் வேகமாக ஓடி முதலில் சேரும். குட்டை அலைகள் பின்தங்கும். இந்த வரிசையைக் கொண்டே புயல் எவ்வளவு தொலைவில் பிறந்தது என்று கணக்கிடலாம். வால்டர் முங்க் என்ற கடலியலாளர் 1963இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை கருவிகளை வைத்து, தென்கடல் அலைகள் பசிபிக்கைக் குறுக்கே கடப்பதைத் தொடர்ந்து அளந்து காட்டினார்.

அலைச்சறுக்கு வீரர்கள் இன்று அலை முன்கணிப்பைப் பார்த்துத்தான் விமானம் ஏறுகிறார்கள். 2020 அக்டோபர் 29 அன்று போர்ச்சுகலின் நசாரேயில் செபாஸ்டியன் ஸ்டூட்னர் சறுக்கிய அலை 26.21 மீட்டர்.

நம் நாட்டில் அந்த முன்கணிப்பு உயிர் காக்கும் வேலை. கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்லும் இந்த அலையெழுச்சியை ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் முன்கூட்டியே அறிவிக்கிறது. தெற்கிலிருந்து வரும் அலைக்கு இலங்கை புதுச்சேரிக்குக் கொஞ்சம் மறைப்பு. குமரிக்கு அதுவும் இல்லை. 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரைக் கடல் இழுத்துக்கொண்டது. எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது.

அந்த அறிவிப்புகள் சொல்வது எளிய காரியங்கள்தான்: படகுகளை ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். அலை வந்து சேர நாட்கள் எடுப்பதால்தான் இதைச் சொல்லவே அவகாசம் கிடைக்கிறது.