தையல் தெரிந்தால் பந்து தெரியும்

வீட்டிலேயே விழா – 11

சென்ற வாரம் கப்கேக்கின் தலை வெடிக்காமல், ஒரே சமமாக வேக வைக்கும் வழியைப் பார்த்தோம். இந்த வாரம் அந்தத் தலையில் ஏறப்போகிறவை கிரிக்கெட் பந்து, கால்பந்து, டென்னிஸ் பந்து, மட்டை, ஸ்டம்ப். பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளைக்கு எந்த விளையாட்டு பிடிக்குமோ, அதை வீட்டிலேயே செய்து வைக்கலாம். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பொம்மையைக் குத்தி வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வேலைக்கு உட்காரும் பலரும் முதலில் கலர் பாட்டிலைத் தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது நிஜப் பந்தை. வெறும் சிவப்பு வட்டம் தக்காளியாகவும் இருக்கலாம், செர்ரியாகவும் இருக்கலாம். நடுவே தையல் விழுந்துவிட்டால் அது கிரிக்கெட் பந்துதான், வேறெதுவும் இல்லை. எந்தப் பந்தையும் அடையாளம் காட்டுவது அதன் மேல் ஓடும் கோடு. அந்த ஒரு கோட்டைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்ற நுணுக்கங்களை விட்டுவிடலாம்.

முதலில் மாவு. இரண்டு டஜன் கப்கேக்குக்கு ஐசிங் சுகர் 500 கிராம் போதும். ஒன்றரை டீஸ்பூன் ஜெலட்டினை 30 மி.லி. தண்ணீரில் ஊறவிட்டு, கொதிக்காமல் இளஞ்சூட்டில் உருக்குங்கள். அதில் லிக்விட் குளுக்கோஸ் கால் கப், கிளிசரின் ஒரு டீஸ்பூன், வனஸ்பதி ஒரு டேபிள்ஸ்பூன் சேர்த்துக் கலந்து, சலித்த சர்க்கரையில் ஊற்றிப் பிசையுங்கள். சப்பாத்தி மாவு போல ஒட்டாமல் திரண்டு வந்தால் ஃபாண்டன்ட் தயார். வெளிநாட்டுக் குறிப்புகளில் கிளிசரின் இன்னும் கூடுதலாக இருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும் பொருள். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் அதைக் குறைப்பதே நல்லது. ஜெலட்டின் வேண்டாம் என்கிற சைவ வீடுகள், சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி போட்ட ரெடிமேட் ஃபாண்டன்ட்டை பேக்கிங் சாமான் கடைகளில் கேட்டு வாங்கலாம்.

இனி கிரிக்கெட் பந்து. ஆண்கள் ஆட்டத்துப் பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. அப்படியானால் குறுக்களவு 7 செ.மீ.க்குச் சற்று மேல். வழக்கமான கப்கேக்கின் மேல்வட்டமும் ஏறக்குறைய அதே அளவுதான். அதனால் நீங்கள் செய்யப்போவது நிஜ அளவுப் பந்து. மாவை 3 மி.மீ. கனத்தில் தேய்த்து, 7 செ.மீ. வாயுள்ள டம்ளரால் வட்டம் வெட்டுங்கள்.

தோல் பந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அது பளீர்ச் சிவப்பு இல்லை, கருஞ்சிவப்பு. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் கலர் பாதியாகக் குறையும். வெள்ளை மாவில் சிவப்பை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் முதலில் ரோஸ் வரும், பிறகு கசப்பு வரும், நினைத்த நிறம் மட்டும் வராது. முதலில் ஒரு ஸ்பூன் கோகோ பவுடரைப் பிசைந்து மாவைப் பழுப்பாக்கிவிட்டு, அதன் பிறகு சிவப்பு ஜெல் கலர் சேருங்கள். மூடி வைத்து ஒரு ராத்திரி விட்டால் நிறம் இன்னும் ஆழமாகும். தண்ணீர் கலர் வேண்டாம், மாவு இளகிவிடும்.

தையலுக்கு வருவோம். பந்தின் நடுவே ஆறு வரிசை. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. வட்டத்தின் நடுவில் 2 செ.மீ. அகலத்துக்கு, ஸ்கேல் விளிம்பால் ஆறு கோடுகளை லேசாக அழுத்துங்கள். ஐசிங் சுகரில் சில சொட்டுப் பால் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, பட்டர் பேப்பர் கூம்பில் நிரப்பி, நுனியை ஊசி அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். கோட்டின் மேல் இழுத்துக்கொண்டே போகாமல், சின்னச் சின்னத் தையலாக இடைவெளி விட்டு வையுங்கள். அவசரத்தில் ஆறு முடியாது என்றால் நடுவில் உள்ள இரண்டு வரிசை போதும். இதே வட்டத்தை ரோஸ் நிறத்தில் செய்து கறுப்புத் தையல் போட்டால் பகலிரவு டெஸ்ட் பந்து. 2019 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில் இந்தியா தன் முதல் பகலிரவு டெஸ்ட்டை ஆடியது அந்த நிறப் பந்தில்தான்.

கால்பந்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். நம் மனதில் பதிந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் பந்து, 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் ஆடிய டெல்ஸ்டார். கறுப்பு வெள்ளை டி.வி.யில் பளிச்சென்று தெரிவதற்காகவே அந்த நிறங்கள். மொத்தம் 32 துண்டுகள்: 12 கறுப்பு ஐங்கோணம், 20 வெள்ளை அறுகோணம். வெள்ளை வட்டத்தின் நடுவில் ஒரு கறுப்பு ஐங்கோணத்தை ஒட்டுங்கள். அதற்கு அச்சு தேவையில்லை. காகிதத்தில் வெட்டி மேலே வைத்துக் கத்தியால் சுற்றி அறுக்கலாம். அடுத்துக் கோடுகள். இவை ஐங்கோணத்தின் பக்கங்களிலிருந்து கிளம்பக் கூடாது, மூலைகளிலிருந்து கிளம்ப வேண்டும். ஒவ்வொரு கோடும் அடுத்த ஐங்கோணத்தின் மூலையில் போய் முடியும். ஆகவே ஐந்து கோடுகளின் நுனியிலும், வட்டத்தின் விளிம்பை ஒட்டி, பாதி ஐங்கோணம் ஒவ்வொன்று வரும். இதை மட்டும் சரியாகச் செய்தால் தட்டையான வட்டமே உருண்டையாகத் தெரியும். கறுப்பு மாவுக்கும் கோகோவில் தொடங்குங்கள். கறுப்புக் கலர் கொஞ்சமாகப் போதும்.

டென்னிஸ் பந்து சுலபம். எலுமிச்சை மஞ்சளில் துளிப் பச்சை சேர்ந்த நிறம். முதுகும் முதுகும் பார்த்து வளையும் இரண்டு வெள்ளைக் கோடுகள். புத்தம் புது டூத் பிரஷ்ஷால் மேலே தட்டினால் பந்தின் துணிச் சொரசொரப்பு வந்துவிடும். கலர் டி.வி.யில் பார்ப்பதற்கு வசதியாக 1972-ல்தான் மஞ்சள் பந்து விதிகளில் ஏறியது. விம்பிள்டன் 1986 வரை காத்திருந்தது.

மட்டையும் ஸ்டம்பும் விறைப்பாக நிற்க வேண்டியவை. 250 கிராம் ஃபாண்டன்ட்டுக்கு ஒரு டீஸ்பூன் சி.எம்.சி. பவுடர் பிசைந்தால் காய்ந்ததும் கெட்டிப்படும். விதிப்படி மட்டையின் நீளம் 38 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சுமார் ஒன்பதுக்கு ஒன்று. 6 செ.மீ. நீள மட்டைக்கு 7 மி.மீ. அகலமே அழகு. அகலம் கூடினால் துடுப்பாகிவிடும். ஸ்டம்ப் 28 அங்குல உயரம், மூன்றும் சேர்ந்து 9 அங்குல அகலம். கேக்கில் நாலரை செ.மீ. உயரம் என்றால் ஒன்றரை செ.மீ.க்குள் மூன்றையும் நெருக்கி நிறுத்துங்கள். உள்ளே தாங்கலுக்குப் பல்குச்சி வைக்கவே வைக்காதீர்கள். வாண்டுகள் பார்த்தா கடிப்பார்கள்? ஸ்டிக் பிஸ்கட்டை அப்படியே நிறுத்துங்கள், மொத்தமும் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். தரைக்கு, பச்சை நிறம் பிசறிய உலர் தேங்காய்த் துருவல்.

செஸ் ஆடும் பிள்ளைக்கு நான்குக்கு நான்கு கட்டம் போட்டுக் கொடுக்கலாம். ஆடுபவரின் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். தவறினால் முதலில் கண்டுபிடிப்பது அந்தப் பிள்ளைதான். மஞ்சள் வட்டத்தில் நீல நிறத்தில் 7 என்று எழுதி வைத்தால் சென்னையில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கலர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்தது தெரிந்து தமிழ்நாட்டில் அதன் விற்பனையையே தடை செய்தார்கள். அது துணிக்குப் போடும் சாயம். லேபிளும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலக் கலர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் குழந்தைகள் சாப்பிடும் பண்டத்தில் சேரக் கூடாது. நல்ல கலரும் அளவோடுதான்.

நாள்கணக்கு இதுதான். மட்டை, ஸ்டம்பின் பெயில்ஸ் போன்றவற்றை மூன்று நாள் முன்பே செய்து காய வையுங்கள். பந்து வட்டங்களை முதல் நாள் வெட்டி, சோள மாவு தூவிய தட்டில் பரப்புங்கள். ஏ.சி. அறை இருந்தால் அங்கே வைப்பது உத்தமம். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்து, கலர் வழிந்துவிடும். விப்பிங் கிரீம் மேல் வைத்தாலும் கரையும். மெல்லிய பட்டர் கிரீம் அல்லது ஜாம் தடவி, விருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒட்டினால் போதும்.

வீட்டுப் பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். ஆளுக்கொரு வட்டமும் நிஜப் பந்தும் கையில் கொடுத்து, தையலை அவர்களே எண்ணிப் பார்த்து வைக்கட்டும். கோடு கொஞ்சம் கோணினால் என்ன? தினமும் உருட்டி விளையாடும் பந்தை முதல் தடவையாக உற்றுப் பார்த்திருப்பார்கள். அந்தக் கப்கேக்கை யார் வீட்டுக்கு வந்தாலும் பெருமையோடு எடுத்துக் காட்டுவார்கள்.

அடுத்த வாரம்: பரிசுப் பை. பழைய செய்தித்தாளில் கிழியாத பை தைப்பது எப்படி?